2035ல் காலாவதியாகும் வரி

சுவிட்சர்லாந்தின் மத்திய அரசு வருமான வரி வாங்கும் அதிகாரம் 2035ஆம் ஆண்டின் கடைசி நாளோடு முடிந்துவிடும். அந்நாட்டு அரசியல் சாசனத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. மதிப்புக் கூட்டு வரிக்கும் அதே கெடுதான். அதற்குள் அரசு மக்களிடம் போய், இன்னும் சில வருஷம் வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாக வேண்டும். கடைசியாகக் கேட்டது 2018 மார்ச் 4ஆம் தேதி. வாக்களித்தவர்களில் 84 சதவீதம் பேர் சரி என்றார்கள். 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் அரசின் வருவாயில் பெரும்பகுதி போயிருக்கும்.

இதை ஏதோ வேடிக்கை என்று கடந்துவிட முடியாது. அந்த வரி பிறந்த விதமே அப்படி. 1915ல் முதல் உலகப் போரின் செலவுக்காக, தற்காலிகம் என்று சொல்லி, ஒரு போர் வரி போட்டார்கள். இரண்டாம் போரின்போது 1941ல் 'பாதுகாப்பு வரி' என்ற பெயரில் மறுபடி வந்தது. போர் முடிந்தும் வரி போகவில்லை. ஆனால் 'தற்காலிகம்' என்ற சொல்லையும் மக்கள் விடவில்லை. நீட்டிக்கும்போதெல்லாம் கெடு வைத்தே நீட்டித்தார்கள். வருமானத்தின் மீது 11.5 சதவீதம், நிறுவன லாபத்தின் மீது 8.5 சதவீதம் என்ற உச்சவரம்புகளும் சாசனத்திலேயே உண்டு. நாடாளுமன்றத்தில் எவ்வளவு பெரிய பெரும்பான்மை இருந்தாலும் அவற்றைத் தாண்ட முடியாது. தாண்ட வேண்டுமானால் மறுபடி வாக்குப்பெட்டி. மதிப்புக் கூட்டு வரியை 1977, 1979, 1991 என மூன்று முறை மக்கள் நிராகரித்தார்கள். 1993ல்தான் போனால் போகிறதென்று ஒப்புக்கொண்டார்கள்.

மத்திய அரசின் கையைக் கட்டிய பிறகு, பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் யார் பணம் தருவது? அங்கே மாநிலத்தைக் கான்டன் என்பார்கள்; மொத்தம் 26. அவற்றுக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். மத்திய அரசு, கான்டன், ஊராட்சி மூன்றும் ஒரே வருமானத்தின் மீது தனித்தனியாக வரி போடும். ஊராட்சிக்கு ஓர் எளிய ஏற்பாடு: கான்டன் கணக்கிட்ட அடிப்படை வரியில் எத்தனை சதவீதம் ஊருக்கு என்பதை மட்டும் முடிவு செய்தால் போதும். பல ஊர்களில் வருஷக் கடைசியில் ஒரு மாலை, குடிமக்கள் மண்டபத்தில் கூடி, அடுத்த வருஷ வரவுசெலவைப் புரட்டிப் பார்த்து, கை தூக்கி அந்தச் சதவீதத்தை நிர்ணயிக்கிறார்கள். பள்ளிக்குப் புதுக் கூரை வேண்டுமா என்ற கேள்வியும், அதற்காக நான் எவ்வளவு கூடுதலாகக் கட்டுவேன் என்ற கேள்வியும் ஒரே கூட்டத்தில் வருகின்றன. வேறு எங்கும் இவ்விரண்டு கேள்விகளையும் இவ்வளவு பக்கத்தில் உட்கார வைத்து நான் பார்த்ததில்லை.

இதன் விளைவு, ஒரே சின்ன நாட்டுக்குள் வரி தலைகீழாக வேறுபடுகிறது. பெரும் வருமானக்காரர் ஒருவர் ஜெனீவாவில் இருந்தால் எல்லா வரியும் சேர்த்து உச்ச விகிதம் 40 சதவீதத்தைத் தாண்டும். சூக் என்ற ஏரிக்கரைக் கான்டனுக்கு மாறினால் அதில் ஏறக்குறைய பாதி. சூரிச் நகரிலிருந்து சூக்குக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது.

சார்ல்ஸ் டீபோ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1956ல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். மக்கள் வாக்குச்சீட்டால் மட்டுமல்ல, காலாலும் வாக்களிக்கலாம் என்பது அதன் சாரம். ஒவ்வொரு ஊரும் ஒரு வரியையும் அதற்கீடான வசதிகளையும் முன்வைக்கும். பிடித்த ஊரில் மக்கள் போய்க் குடியேறுவார்கள். அரசு கொழுத்தால் ஆள் குறையும். டீபோ இதைக் கிட்டத்தட்ட ஒரு கற்பனைப் பயிற்சியாகத்தான் எழுதினார். இடம் மாறச் செலவே ஆகாது, வேலை எங்கிருந்தாலும் வருமானம் வரும் என்றெல்லாம் அனுமானங்கள். சுவிட்சர்லாந்து அந்தக் கற்பனைக்கு மிக அருகில் வந்த நிஜம்.

சூக் ஒரு காலத்தில் வசதியற்ற இடம். செர்ரி மரங்கள், அந்தப் பழத்திலிருந்து காய்ச்சும் கிர்ஷ் என்ற சாராயம், மாடுகள், கொஞ்சம் ஆலைகள். 1920களில் அந்தக் கான்டன் வரிச் சட்டத்தைத் திருத்தி, வேறு நிறுவனங்களின் பங்குகளை வைத்திருப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்ட கம்பெனிகளுக்கும், வெளிநாட்டில் மட்டும் வியாபாரம் செய்யும் கம்பெனிகளுக்கும் பெரும் சலுகை தந்தது. உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. இரண்டாம் போருக்குப் பிறகுதான் பெயர்ப்பலகைகள் வந்து குவிந்தன. 1974ல் மார்க் ரிச் என்ற சரக்கு வியாபாரி அங்கே கடை திறந்தார். அவர் தொடங்கிய நிறுவனம்தான் இன்று உலகின் மாபெரும் கனிம வியாபாரிகளில் ஒன்றான கிளென்கோர். 1983ல் அமெரிக்கா அவர் மீது வரி ஏய்ப்பு உட்படப் பல குற்றச்சாட்டுகளைச் சுமத்தியபோது அவர் சூக்கிலேயே தங்கிவிட்டார். சுவிஸ் அரசும் அவரை ஒப்படைக்க மறுத்தது. வரிக் குற்றத்துக்காக ஆளைப் பிடித்துக் கொடுப்பது அவர்கள் வழக்கம் இல்லை. 2001 ஜனவரியில், பதவியின் கடைசி நாளில், அமெரிக்க அதிபர் கிளின்டன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அது தனிக் கதை.

டீபோவின் கோட்பாட்டில் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சூக்கின் வாடகைதாரர்கள் சொல்வார்கள். வரி குறைந்த ஊரில் நிலம் மட்டும் பெருகாது. எல்லோரும் அங்கே வரத் துடித்தால் வீட்டு விலை ஏறும்; வரியில் மிச்சம் பிடித்ததில் கணிசமான பங்கை வீட்டுக்காரர் எடுத்துக்கொள்வார். பெரும் சம்பளக்காரருக்கு அப்போதும் லாபம்தான். ஆசிரியருக்கும் செவிலியருக்கும் வரிச் சலுகை சொற்பம், வாடகை மட்டும் முழுசு. சொந்த ஊரில் வீடு பிடிக்க முடியாமல் பக்கத்துக் கான்டனுக்குப் போன சூக் பிள்ளைகள் நிறைய உண்டு. அவர்களும் காலால்தான் வாக்களித்தார்கள் என்று டீபோவின் சீடர்கள் சொன்னால், எனக்கு அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

போட்டிக்கு எல்லையே இல்லையா என்றால், அதைச் சோதித்தது ஓப்வால்டன் என்ற மலைக் கான்டன். 2005 டிசம்பரில் அங்கே ஒரு விசித்திரமான சட்டத்தை 86 சதவீத வாக்குகளோடு நிறைவேற்றினார்கள். ஆண்டு வருமானம் 3 லட்சம் பிராங்கைத் தாண்டினால், வருமானம் ஏற ஏற வரி விகிதம் இறங்கும். கோடீசுவரர்களைக் கூப்பிட இதைவிட வெளிப்படையான அழைப்பிதழ் இருக்க முடியாது. ஜோசப் ஸிஸியாடிஸ் என்ற கம்யூனிஸ்ட் எம்.பி. இதை எதிர்த்து வழக்குப் போட விரும்பினார். ஆனால் வழக்குப் போட வேண்டுமானால் அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டுமே. எனவே நாட்டின் மேற்குப் பகுதியிலிருந்து மூட்டை முடிச்சோடு ஓப்வால்டனின் தலைநகர் சார்னனுக்குக் குடிபெயர்ந்தார். பணக்காரர்களை வரவழைக்கப் போட்ட சட்டம் முதலில் ஒரு கம்யூனிஸ்டைக் கொண்டுவந்து சேர்த்தது. உள்ளூர்க்காரர்கள் சிலரும் முறையிட்டிருந்தார்கள். 2007 ஜூன் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அவரவர் சக்திக்கேற்ப வரி என்பது சாசனத்தின் கொள்கை. 86 சதவீத ஆதரவு இருந்தாலும் அதை மீற முடியாது என்றாகிவிட்டது. ஓப்வால்டன் சளைக்கவில்லை. அடுத்த வருஷமே எல்லோருக்கும் ஒரே விகிதம் என்று மாற்றிக்கொண்டது. அது செல்லும்.

2008 முதல் இன்னொரு கடிவாளமும் வந்தது. வளமான கான்டன்கள் நலிந்தவற்றுக்கு ஆண்டுதோறும் பணம் தர வேண்டும். தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் மிக அதிகம் தருவது சூக்தான். முணுமுணுத்துக்கொண்டே தருகிறது.

இதுவரை சொன்னது வரி. பணத்தைப் பற்றிய அந்தரங்கம் வேறு விஷயம். இரண்டையும் சேர்த்துக் குழப்புவதில் சுவிஸ் வங்கிகளுக்கும் லாபம் இருந்தது, அவற்றைத் திட்டியவர்களுக்கும் வசதி இருந்தது.

சுவிஸ் குடிமகன் ஒருவரின் சம்பளத்தில் முதலாளி வருமான வரி பிடிப்பதில்லை. முழுச் சம்பளமும் கைக்கு வரும். வருஷ முடிவில் அவரே கணக்கு எழுதி, அவரே கட்ட வேண்டும். வங்கியும் அவர் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று வரி அலுவலகத்துக்குச் சொல்லாது. இன்றைக்கும் சொல்லாது. அப்படியானால் யார்தான் உண்மையைச் சொல்வார்கள்? இங்கேதான் இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம். சுவிஸ் வங்கி வட்டியிலும் கம்பெனி ஈவுத்தொகையிலும் 35 சதவீதத்தைக் கொடுக்கும் இடத்திலேயே, பெயர் குறிப்பிடாமல், பிடித்து அரசுக்குக் கட்டிவிடுவார்கள். கணக்கை ஒளிக்காமல் காட்டினால் பிடித்த தொகை திரும்பக் கிடைக்கும். காட்டாவிட்டால் போனது போனதுதான். நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பித் தருகிறார்களே, அதே தந்திரம். யார் எந்தக் காட்டில் பாட்டிலை எறிகிறார்கள் என்று பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

கண்ணால் பார்க்காமலே நேர்மைக்கு விலை வைக்கும் இந்த வித்தை எனக்குப் பிடித்திருக்கிறது. இதோடு சேர்ந்து சட்டத்தில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. வருமானத்தைக் காட்டாமல் விட்டால் அபராதம். பொய் ஆவணம் தயாரித்து ஏமாற்றினால் மட்டுமே சிறைக்குரிய குற்றம். வங்கி வாய் திறப்பது இரண்டாவதற்குத்தான். 2010 முதல், மறைத்த பணத்தைத் தானாக வந்து ஒப்புக்கொண்டால் அபராதம் இல்லை; பழைய வரியையும் வட்டியையும் கட்டினால் போதும். ஆனால் ஆயுளில் ஒரே ஒரு முறைதான்.

வேடிக்கை என்னவென்றால், இதே நாட்டில் சூரிச் கான்டனில் பக்கத்து வீட்டுக்காரரின் வரிக்குரிய வருமானமும் சொத்தும் எவ்வளவு என்று கட்டணம் கட்டி விசாரிக்கலாம், அவர் தடை கேட்டுப் பதிவு செய்யாதிருந்தால். நார்வேயில் இது இன்னும் திறந்த ஏற்பாடு. எல்லோருடைய வருமானமும் இணையத்தில் தேடக் கிடைக்கும். ஆனால் 2014 முதல், தேடியவர் யார் என்று தேடப்பட்டவர் பார்க்க முடியும். அந்த ஒரு மாற்றத்தில் தேடல்கள் மளமளவென்று சரிந்தன.

வங்கி ரகசியத்தின் பிறப்புக்கு வருவோம். 1932 அக்டோபர் கடைசியில் பாரிஸில், பாசல் நகர வங்கி ஒன்று ரகசியமாக வாடிக்கையாளர்களைச் சந்தித்துவந்த இடத்தில் பிரெஞ்சுப் போலீசார் புகுந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சுக்காரர்களின் பெயர்ப் பட்டியல் சிக்கியது. செனட்டர்கள், ஆயர்கள், தளபதிகள், பெரும் தொழிலதிபர்கள். ஃபாபியன் அல்பெர்டன் என்ற சோஷலிஸ்ட் உறுப்பினர் நாடாளுமன்றத்தில் எழுந்து சில பெயர்களைப் போட்டு உடைத்தார். சுவிஸ் வங்கிகளிலிருந்து பணம் ஓடத் தொடங்கியது. ஏற்கெனவே பொருளாதார மந்தத்தில் வங்கிகள் தள்ளாடிக்கொண்டிருந்தன. 1933ல் ஒரு பெரிய வங்கியை அரசே பணம் போட்டுத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. 1934 நவம்பரில் வந்த வங்கிச் சட்டம் முக்கியமாக இந்தத் தள்ளாட்டத்துக்கு மருந்து. அதன் 47ஆம் பிரிவு, வாடிக்கையாளர் ரகசியத்தை வெளியிடும் வங்கி ஊழியருக்குச் சிறைத் தண்டனை என்றது.

நாஜிகளிடமிருந்து யூதர்களின் பணத்தைக் காக்கவே அந்தச் சட்டம் வந்தது என்று பின்னாளில் வங்கிகள் சொல்லிக்கொண்டன. வரலாற்றாய்வாளர்கள் பெரும்பாலும் இதை ஏற்பதில்லை. யூதர்கள் பணம் போட்டது உண்மை. ஆனால் போருக்குப் பின் அவர்களுடைய வாரிசுகள் வந்து கேட்டபோது, அதே ரகசியத்தைக் காட்டி வங்கிகள் திருப்பி அனுப்பின. வதைமுகாமில் மாண்டவருக்கு இறப்புச் சான்றிதழ் கேட்ட சம்பவங்கள்கூட உண்டு. அரை நூற்றாண்டு கழித்து, 1998 ஆகஸ்டில், 125 கோடி டாலர் தர வங்கிகள் உடன்பட்டன.

ரகசியம் என்ற சுவருக்குக் கண் கிடையாது. கொடுங்கோல் அரசிடமிருந்து தப்பியவரின் சேமிப்பும் அதன் பின்னால் ஒளியும். கொடுங்கோலனின் கொள்ளையும் ஒளியும். பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸ் 1968ல் சூரிச்சில் வில்லியம் சாண்டர்ஸ் என்ற பெயரில் கணக்குத் திறந்தார். மனைவி இமெல்டாவுக்கு ஜேன் ரயன் என்று பெயர். மார்கோஸ் ஆட்சி விழுந்ததும் 1986ல் சுவிஸ் அரசு கணக்குகளை முடக்கியது. 60 கோடி டாலருக்கு மேல் பிலிப்பைன்சுக்குத் திரும்பியது, ஆனால் 2000க்குப் பிறகுதான்.

சுவிஸ் குடிமகனுக்குக் கிடைத்த அந்தரங்கமும் அந்நிய வாடிக்கையாளருக்கு விற்கப்பட்ட அந்தரங்கமும் ஒரே 47ஆம் பிரிவில் இருந்தாலும் வேறு வேறு சரக்கு என்பதே என் கட்சி. உள்ளூர்க்காரர் வரியை நிர்ணயிக்கும் கூட்டத்தில் கை தூக்குகிறார், 35 சதவீதப் பிடிமானத்தைப் பிணையாக வைக்கிறார், அதற்கு ஈடாக அரசு அவர் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. இருபக்கமும் ஒப்புக்கொண்ட உடன்பாடு அது. அந்நியரின் பணம் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியப் பத்திரங்களில் போடப்பட்டதால் 35 சதவீதம் அதைத் தொடாது. அவருடைய நாட்டு வாக்காளர்களை யாரும் கேட்கவும் இல்லை. 2005ல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டு, பெயர் சொல்லாமல் வட்டியில் ஒரு பங்கை மட்டும் அனுப்பிவைக்கும் முறையைச் சுவிட்சர்லாந்து கொண்டுவந்தது. யோசனை நல்லதுதான். ஆனால் தனிநபர் கணக்குக்கு மட்டும் என்று எழுதியிருந்ததால், பனாமாவில் ஒரு காகிதக் கம்பெனியைத் தொடங்கி அதன் பெயரில் கணக்கை மாற்றினால் வேலை முடிந்தது.

2008 மார்ச்சில் நிதியமைச்சர் ஹான்ஸ் ருடோல்ஃப் மெர்ஸ், இந்த ரகசியத்தைக் கடிக்க வருபவர்களுக்குப் பல்தான் உடையும் என்ற பொருளில் நாடாளுமன்றத்தில் முழங்கினார். ஓராண்டு தாங்கவில்லை. யூபிஎஸ் வங்கியின் முன்னாள் ஊழியர் பிராட்லி பிர்கன்ஃபெல்டு, ஒரு வாடிக்கையாளருக்காகப் பற்பசைக் குழாயில் வைரம் கடத்தியவர், அமெரிக்க அதிகாரிகளிடம் வங்கியின் ரகசியங்களை ஏற்கெனவே சொல்லியிருந்தார். 2009 பிப்ரவரியில் அந்த வங்கி 78 கோடி டாலர் கட்டியது. ஆகஸ்டில் 4,450 கணக்குகளின் விவரத்தைத் தர சுவிஸ் அரசு ஒப்புக்கொண்டது. பிர்கன்ஃபெல்டு சிறைக்கும் போனார், வெளியே வந்ததும் துப்புக் கொடுத்ததற்காக 10.4 கோடி டாலர் சன்மானமும் பெற்றார். 1741ல் தொடங்கிய வேகலின் வங்கி 2013 ஜனவரியில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கடையை மூடியது.

ஜெர்மனி வேறு வழியில் போனது. வங்கிகளிலிருந்து திருடப்பட்ட விவரங்கள் அடங்கிய குறுந்தகடுகளை அரசே விலை கொடுத்து வாங்கியது. திருட்டுப் பொருளை அரசாங்கம் வாங்கலாமா? 2010 நவம்பரில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், அந்தத் தகவலை வைத்து வீட்டைச் சோதனையிடலாம் என்றது. வரி ஏய்ப்பவர்கள் மீது எனக்கு இரக்கம் இல்லை; இருந்தாலும் இந்தத் தீர்ப்பு உறுத்துகிறது. திருடனுக்கு நிரந்தர வாடிக்கையாளராக அரசு இருந்தால், அடுத்து எந்த அலமாரியை உடைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரிப் பதிவேட்டுக்கும் விலை உண்டு.

2017 முதல் சுவிஸ் வங்கிகள் வெளிநாட்டவர் கணக்குகளின் விவரத்தைத் திரட்டி, 2018 முதல் அவரவர் நாட்டுக்கு ஆண்டுதோறும் அனுப்புகின்றன. இந்தியாவுக்கு முதல் தொகுதி 2019 செப்டம்பரில் வந்தது. சூரிச்சில் கணக்கு வைத்திருக்கும் இந்தியரைப் பற்றி நம் வருமான வரித் துறைக்குத் தானாகச் செய்தி வருகிறது. சூரிச்சிலேயே வாழும் பள்ளி ஆசிரியரின் கணக்கைப் பற்றி அந்த ஊர் வரி அலுவலகத்துக்கு வருவதில்லை.

ரகசியம் இப்படிப் பிளந்தபின் உலக நாடுகள் வரிப் போட்டியின் பக்கம் திரும்பின. வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடி 1998லேயே தீங்கான வரிப் போட்டி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. சுவிட்சர்லாந்தும் லக்சம்பர்க்கும் அதற்கு ஆதரவளிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. 2021ல் 130க்கும் மேற்பட்ட நாடுகள், 75 கோடி யூரோவுக்கு மேல் விற்றுவரவு உள்ள பன்னாட்டு நிறுவனங்களுக்குக் குறைந்தது 15 சதவீத வரி என்று உடன்பட்டன. சுவிஸ் குறைவாக வாங்கினால் மிச்சத்தை வேறு நாடு வாங்கிக்கொள்ளும். அப்படியானால் நாமே வாங்கலாமே என்று 2023 ஜூனில் 78 சதவீதத்துக்கு மேற்பட்ட சுவிஸ் வாக்காளர்கள் சரி சொன்னார்கள். சூக்கின் நிறுவன வரி 12 சதவீதத்தை ஒட்டி இருந்தது. பெரும் நிறுவனங்கள் இப்போது 15 கட்ட வேண்டும். கூடுதல் வசூலில் முக்கால் பங்கு கான்டனுக்கே.

போட்டி நின்றுவிடும் என்று நினைத்தவர்கள் சூக்கை அறியாதவர்கள். சட்டப்படி கான்டன்கள் உள்நோயாளிச் செலவில் குறைந்தது 55 சதவீதத்தை ஏற்க வேண்டும், மிச்சம் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு. கஜானா நிரம்பி வழியும் சூக், 2026, 2027 இரண்டு வருஷங்களுக்கு 99 சதவீதத்தைத் தானே ஏற்பதாக முடிவு செய்தது. 2026க்கு நாடு முழுவதும் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் சராசரியாக ஏறியது; சூக்கில் நூற்றுக்குப் பதினான்குக்கும் மேல் இறங்கியது. ஏரியைச் சுற்றிப் போனால் அடுத்து வரும் லூசெர்ன் கான்டனில் குடியிருப்பவர் அதே சிகிச்சைக்கு இன்னும் பழைய பங்கீட்டின்படிதான் பிரீமியம் கட்டுகிறார்.